கட்சி மேடையும் நீதியாசனமும்

நீதிபதியின் கையிலுள்ள துலாக்கோல் ஒரு பக்கமுஞ் சாயாதிருத்தல் வேண்டும் என்பது எந்நாட்டு மக்களும் ஒப்புக்கொண்ட உண்மை. அரசியல்வாதியோ ஒரு பக்கஞ் சார்ந்தே நிற்பவர். தாம் ஏற்றுக்கொண்ட கொள்கையே நன்று என்று மேடையேறிப் பேசுவதும், மாற்றுக் கட்சியின் குறைகளை எடுத்துக் காட்டுவதும், வாக்குக் கேட்டு வீடுவீடாகச் செல்வதும் அவருடைய தொழில். இவ்வாறு ஒரு பக்கத்திலேயே நின்று பழகிய ஒருவர், ஒருநாள் மேடையை விட்டிறங்கி நீதியாசனத்தில் அமர்வாராயின், அவர் கையில் துலாக்கோல் நேராக நிற்குமா? வழக்கோடு வரும் குடிமகன் அவரை நம்பலாமா? இது அறிஞர் சிலர் ஓய்வு நேரத்தில் நிகழ்த்தும் வெறும் வாதமன்று. அரசாங்கத்தை எதிர்த்து நீதி கேட்க வேண்டிய நிலை எவருக்கும் என்றேனும் நேரலாம். நேரும்போது அவருடைய சொத்தும் சுதந்திரமும், சிலவேளைகளில் உயிருமே இவ்வினாவின் விடையிலே தங்கியிருக்கும்.

இவ்வினாவை ஆராய்வதற்கு இந்தியாவில் வாழ்ந்த வி. ஆர். கிருஷ்ண ஐயரின் வரலாற்றிலும் பொருத்தமான சான்று கிடைத்தல் அரிது. சட்டத்தரணி, கைதி, சட்டசபை உறுப்பினர், மந்திரி, உயர் நீதிமன்ற நீதிபதி, உச்ச நீதிமன்ற நீதிபதி என நீதித்துறையை எல்லாப் பக்கங்களிலிருந்தும் கண்டவர் அவர்.

வரலாற்றுக்குட் புகுமுன் நேயர்கள் ஒன்றை மனத்திற் கொள்ளல் வேண்டும். இலங்கையில் உயர் நீதிமன்றம் என்று வழங்குவது நாட்டின் அதியுயர்ந்த நீதிமன்றத்தையாகும். இந்தியாவிலோ உயர் நீதிமன்றம் என்பது மாநிலத்தின் தலைமை நீதிமன்றம். அதற்கும் மேலாகத் தில்லியில் இருப்பது உச்ச நீதிமன்றம். இப்பேச்சில் அப்பெயர்கள் இந்திய வழக்கின்படியே ஆளப்படுகின்றன.

கிருஷ்ண ஐயர் பாலக்காட்டைச் சார்ந்த வைத்தியநாதபுரத்திலே, தமிழ் பேசும் குடும்பத்திற் பிறந்தவர். அந்நாளில் பாலக்காடும் மலபாரும் சென்னை மாகாணத்துக்கு உட்பட்டிருந்தன. தந்தையாரும் சட்டத் தொழில் புரிந்தவரே. சிதம்பரத்திலுள்ள அண்ணாமலைப் பல்கலைக்கழகத்திலே பயின்று, பின்பு சென்னையிற் சட்டங் கற்ற கிருஷ்ண ஐயர், 1930களின் பிற்பகுதியிலே வடமலபாரின் தலைச்சேரியில் தொழிலைத் தொடங்கினார். நிலவுடைமையாளருக்கும் குத்தகை விவசாயிகளுக்கும் இடையே கடும் பூசல் மூண்டிருந்த காலம் அது. வழக்குகளில் விவசாயிகளுக்காகவும் தொழிலாளருக்காகவும், அவர்களுக்குத் தலைமை தாங்கிய பொதுவுடைமைக் கட்சியினருக்காகவும் அவர் வாதாடினார்.

1948ஆம் ஆண்டிலே பொதுவுடைமைக் கட்சியினர் மீது அரசாங்கம் கடும் நடவடிக்கை எடுத்தது. அக்கட்சியினருக்குச் சட்ட உதவி செய்தார் என்ற குற்றச்சாட்டின் பேரில் கிருஷ்ண ஐயரும் கைது செய்யப்பட்டு, ஏறக்குறைய ஒரு மாத காலம் சிறையில் வைக்கப்பட்டார். அதுவரை கைதிகளுக்காகப் பேசியவர், கைதியாக இருந்து சிறையைக் கண்டார். ஒரு மாதம் நீண்ட காலமன்று. ஆயினும், சிறைக் கதவு உட்புறத்திலிருந்து பார்க்கும்போது எவ்வாறு தோன்றும் என்பதை அறிந்துகொள்ள அது போதுமானதாயிற்று.

1952ஆம் ஆண்டுப் பொதுத் தேர்தலிலே கூத்துப்பறம்புத் தொகுதியிற் சுயேச்சையாக நின்று வென்று, சென்னைச் சட்டசபையில் அமர்ந்தார். 1956 நவம்பரிலே மலபாரும் திருவிதாங்கூர்-கொச்சியும் இணைந்து கேரள மாநிலம் உருவாயிற்று. 1957ஆம் ஆண்டிலே அங்கு நடைபெற்ற முதற் பொதுத் தேர்தலில் பொதுவுடைமைக் கட்சி வென்று, ஈ. எம். எஸ். நம்பூதிரிபாடு முதலமைச்சரானார். கட்சி உறுப்பினராக இன்றி, கட்சியின் ஆதரவு பெற்ற சுயேச்சையாகத் தலைச்சேரியில் வென்றிருந்த கிருஷ்ண ஐயர் அம்மந்திரிசபையில் இடம்பெற்றார். சட்டம், உள்நாட்டு விவகாரம், சிறை, மின்சாரம், நீர்ப்பாசனம் முதலிய துறைகள் பல்வேறு காலங்களில் அவர் பொறுப்பில் இருந்தன. ஒன்பது ஆண்டுகளுக்கு முன்னர்ச் சிறையிற் கிடந்தவர், இப்பொழுது சிறைகளுக்குப் பொறுப்பான மந்திரியானார். சிறைச்சாலைகளைச் சீர்திருத்துவதிலும், வழக்காடப் பணமில்லாத ஏழைகளுக்குச் சட்ட உதவி அளிப்பதிலும் அவர் கருத்தூன்றினார்.

அம்மந்திரிசபை நீண்டகாலம் நிலைக்கவில்லை. கல்விச் சட்டத்தையும் நிலச் சீர்திருத்தத்தையும் எதிர்த்துப் பெருங் கிளர்ச்சி எழுந்தது. 1959 ஜூலை 31ஆந் திகதி, சட்டசபையிற் பெரும்பான்மை இருந்தபோதிலும், மத்திய அரசாங்கம் அம்மந்திரிசபையைப் பதவி நீக்கியது. 1960ஆம் ஆண்டுத் தேர்தலிலே கிருஷ்ண ஐயர் மிகச் சில வாக்குகளால் தோல்வியுற்றதாக அறிவிக்கப்பட்டார். அவர் தேர்தல் மனுத் தாக்கல் செய்து, நீதிமன்றத் தீர்ப்பின் வழியாகவே தம் ஆசனத்தை மீட்டார். 1965ஆம் ஆண்டிலே மீண்டும் போட்டியிட்டுத் தோற்றபின், தேர்தல் அரசியலை விட்டுச் சட்டத் தொழிலுக்குத் திரும்பினார்.

இவ்வாறான ஒருவர் 1968ஆம் ஆண்டிலே கேரள உயர் நீதிமன்றத்தின் நீதிபதியாக நியமிக்கப்பட்டார். சட்டம் இதற்கு இடங்கொடுத்ததா என்று கேட்கலாம். உயர் நீதிமன்றச் சட்டத்தரணியாகப் பத்து ஆண்டுகளோ, நீதித்துறைப் பதவியிற் பத்து ஆண்டுகளோ கழித்த இந்தியக் குடிமகன் எவரும் உயர் நீதிமன்ற நீதிபதியாகலாம் என்பது இந்திய அரசியலமைப்பின் 217ஆம் உறுப்பின் விதி. அரசியலில் ஈடுபட்டிருந்தவர் ஆகலாகாது என்று அது எங்கும் கூறவில்லை. பிரதம நீதியரசரையும், மாநில ஆளுநரையும், அம்மாநிலத்து உயர் நீதிமன்றத்தின் பிரதம நீதிபதியையும் கலந்தாலோசித்துக் குடியரசுத் தலைவர் நியமனஞ் செய்வது அந்நாளைய முறை. 1993ஆம் ஆண்டின் பின்னர், மூத்த நீதியரசர்கள் அடங்கிய குழுவின் பரிந்துரையே முதன்மை பெற்றுள்ளது.

அரசியலமைப்பு வாயிலை அடைக்கவில்லையாயினும், வாயிலைக் கடந்து உள்ளே வந்தவரைச் சுற்றி உறுதியான வேலிகளை அமைத்திருக்கிறது. நீதிபதியின் சம்பளத்தை அவருக்குப் பாதகமாகக் குறைத்தல் இயலாது. நிரூபிக்கப்பட்ட தீயொழுக்கம் அல்லது இயலாமை காரணமாக, பாராளுமன்றத்தின் இரு சபைகளும் தனிப் பெரும்பான்மையோடு தீர்மானித்தாலன்றி அவரைப் பதவி நீக்கவும் இயலாது. ஆகவே, தம்மை நியமித்தோருக்கு அஞ்சவோ, அவர்களை மகிழ்விக்கவோ வேண்டிய தேவை நீதிபதிக்கு இல்லை. வழக்கைத் திறந்த மன்றிலே கேட்டு, தீர்ப்புக்குரிய காரணங்களை எழுத்திலே தருதல் அவர் கடமை. அக்காரணங்களை மேல்மன்றமும் ஆராயலாம்; பொதுமக்களும் ஆராயலாம். மேடைப் பேச்சுக்கு இல்லாத கட்டுப்பாடு இது. கைதட்டல் தீர்ப்புக்குச் சான்றாகாது.

கேரள உயர் நீதிமன்றத்திலே அவர் வழங்கிய தீர்ப்புகளுள் ஒன்று குறிப்பிடத்தக்கது. கணவன் இரண்டு ஆண்டுகள் பராமரிக்கத் தவறினால் முஸ்லிம் மனைவி மணவிலக்குக் கோரலாம் என்று 1939ஆம் ஆண்டுச் சட்டம் ஒன்று விதித்திருந்தது. மனைவி தானாகவே கணவன் வீட்டை விட்டுச் சென்றிருந்தால் அவ்வுரிமை உண்டா என்ற கேள்வி 1970ஆம் ஆண்டிலே அவர் முன் வந்தது. பராமரிப்பு நின்றது என்பதே சட்டம் வேண்டும் நிபந்தனை, யார்மேற் குற்றம் என்ற ஆராய்ச்சியைச் சட்டம் வேண்டவில்லை என்று அவர் முடிவு செய்தார். இஸ்லாமியச் சட்ட நூல்களை ஊன்றிக் கற்று, அச்சட்டம் மகளிருக்கு அளித்துள்ள உரிமைகளை எடுத்துக்காட்டியே அம்முடிபுக்கு வந்தார். கட்சிக்கு அங்கு இடமில்லை. வலிமை குன்றியவர் சொல்லையும் பொறுமையாகக் கேட்கும் பழக்கமே அங்கு தொழிற்பட்டது.

1971 முதல் இந்தியச் சட்ட ஆணைக்குழுவிற் பணிபுரிந்த பின்னர், 1973 ஜூலையிலே உச்ச நீதிமன்றத்துக்கு உயர்த்தப்பட்டார். அது நல்ல வேளையன்று. அவ்வாண்டு ஏப்ரலிலே, மூத்த நீதியரசர் மூவரைத் தாண்டி ஏ. என். றே என்பவரைப் பிரதமர் இந்திரா காந்தியின் அரசாங்கம் பிரதம நீதியரசராக்கியது. தாண்டப்பட்ட மூவரும் பதவி துறந்தனர். அரசாங்கத்தின் கொள்கைக்கு இணங்கிய நீதிபதிகளைத் தேடுகிறார்கள் என்ற அச்சம் சட்டத்தரணிகளிடையே பரவியிருந்தது. அந்நிலையில், முன்னாள் மந்திரி ஒருவரின் நியமனம் ஐயத்தைத் தூண்டியதில் வியப்பில்லை. பம்பாய்ச் சட்டத்தரணிகள் பலர் வெளிப்படையாகவே எதிர்த்தனர். எதிர்த்தவருள் ஒருவரான சோலி சொராப்ஜி, தம் எண்ணம் தவறு என்று பிற்காலத்திலே பகிரங்கமாக ஒப்புக்கொண்டார். அம்மாற்றத்துக்குக் காரணமான நிகழ்ச்சிகளுள் தலையாயது 1975ஆம் ஆண்டில் நிகழ்ந்தது.

1975 ஜூன் 12ஆந் திகதி, அலகபாத் உயர் நீதிமன்றத்தின் நீதிபதி ஜக்மோகன்லால் சின்ஹா, இந்திரா காந்தியின் தேர்தல் செல்லாது என்று தீர்ப்பளித்தார். பிரதமர் உச்ச நீதிமன்றத்துக்கு மேன்முறையீடு செய்து, அத்தீர்ப்புக்குத் தடையுத்தரவு கோரினார். கோடை விடுமுறைக் காலமாதலால் மனுவைக் கேட்கும் பொறுப்பு தனியொரு நீதியரசரிடம் இருந்தது. அவரே கிருஷ்ண ஐயர். மனுத் தாக்கல் செய்யப்படுமுன் சட்டமந்திரி எச். ஆர். கோகலே தம்மைத் தொலைபேசியில் அழைத்துச் சந்திக்க விரும்பினார் என்றும், மனுவை நீதிமன்றப் பதிவாளரிடம் கொடுத்தாற் போதும், சந்திப்பு வேண்டியதில்லை என்று தாம் மறுத்துவிட்டதாகவும் பிற்காலத்தில் அவர் கூறியிருக்கிறார். கோகலே ஒருகாலத்திற் பம்பாய் உயர் நீதிமன்ற நீதிபதியாக இருந்து, பின்பு அரசியலுக்குச் சென்றவர் என்பது ஈண்டு நோக்கத்தக்கது. நீதியாசனத்திலிருந்து அரசியலுக்குப் போனவர் சந்திக்க விரும்பினார். அரசியலிலிருந்து நீதியாசனத்துக்கு வந்தவர் கதவைத் திறக்கவில்லை.

பிரதமர் சார்பில் பல்கிவாலாவும், எதிர்மனுதாரர் சார்பில் சாந்தி பூஷணும் வாதாடினர். ஜூன் 24ஆந் திகதி உத்தரவு வந்தது. இந்திரா காந்தி பிரதமர் பதவியில் இருக்கலாம். பாராளுமன்றத்துக்குச் சென்று பேசலாம். ஆனால் உறுப்பினர் என்ற முறையில் வாக்களிக்கலாகாது. உறுப்பினருக்குரிய சம்பளமும் பெறலாகாது. முழுத் தடையுத்தரவை அரசாங்கம் வேண்டியது, அது கிடைக்கவில்லை. பிரதமர் உடனே விலக வேண்டும் என்று எதிர்க்கட்சியினர் வேண்டினர், அதுவும் கிடைக்கவில்லை. இத்தகைய தேர்தல் மேன்முறையீடுகளிலே முன்பு வழங்கப்பட்டு வந்த தடையுத்தரவின் அளவிலேயே அவர் நின்றார். மறுநாள் இரவு அவசரகால நிலை பிரகடனப்படுத்தப்பட்டது. அந்த உத்தரவு பதவியில் நீடிக்க வழிவிட்டது என்று குறைகூறுவோர் இன்றும் உளர். அது பிரதமரின் கையைக் கட்டியது என்று புகழ்வோரும் உளர். இரு சாராரும் மறுக்கவியலாதது ஒன்றுண்டு. 1959ஆம் ஆண்டிலே அவர் இடம்பெற்ற மந்திரிசபை கலைக்கப்பட்டபோது, அதனை வற்புறுத்திய காங்கிரஸ் கட்சிக்குத் தலைவியாக இருந்தவர் இதே இந்திரா காந்தி. பழைய பகையைத் தீர்க்க விரும்பியவருக்கு அதிலும் நல்ல வாய்ப்புக் கிடைத்திராது. புதிய ஆட்சியாளரின் தயவை நாடியவருக்கும் அவ்வாறே. இரண்டில் ஒன்றையும் அவர் செய்யவில்லை.

அரசியலனுபவம் அவருடைய தீர்ப்புகளில் எங்குமே தென்படவில்லை என்று கூறுவது பொய்யாகும். அது தென்பட்டது, ஆனால் கட்சிப் பற்றாக அன்று, அறிவாகத் தென்பட்டது. மாநில ஆளுநர் மந்திரிசபையின் ஆலோசனைப்படியே நடத்தல் வேண்டும் என்று 1974ஆம் ஆண்டிலே, ஷம்ஷேர் சிங் வழக்கில், ஏழு நீதியரசர் அடங்கிய மன்றம் முடிவு செய்தது. அதிற் கிருஷ்ண ஐயரும் தனித் தீர்ப்பு எழுதினார். ஆளுநருக்கும் மந்திரிசபைக்கும் உள்ள உறவை ஏட்டிற் படித்தவராக மட்டுமன்றி, மந்திரியாக இருந்து கண்டவராகவும் அவர் அதனை எழுதினார். ஏனைய நீதியரசரும் அதே முடிபுக்கு வந்தமையால், அது தனியொருவரின் பழைய மனக்குறையன்று என்பது தெளிவு.

சிறைச்சாலை பற்றிய தீர்ப்புகளில் இவ்வுண்மை மேலும் விளங்கும். மரண தண்டனை விதிக்கப்பட்ட சுனில் பத்ரா என்பவர் தில்லித் திகார்ச் சிறையிலே தனிமைச் சிறையில் வைக்கப்பட்டிருந்தார். மேன்முறையீடும் கருணை மனுவும் முடிவுறாத ஒருவரை அவ்வாறு தனித்து அடைத்தல் சட்டத்துக்கு ஒவ்வாது என்று 1978ஆம் ஆண்டிலே உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. பின்னர், சிறைக் காவலர் ஒருவர் தம் சக கைதியைக் கொடுமைப்படுத்தினார் என்று அதே பத்ரா நீதியரசர் ஒருவருக்குக் கடிதம் எழுதினார். முத்திரையுமில்லை, சட்டத்தரணியுமில்லை, வெறுங் கடிதம். அதனையே மனுவாக ஏற்றுக்கொண்டு விசாரித்து, சிறை வாயிலைக் கடந்தவுடன் மனிதனின் அடிப்படை உரிமைகள் அழிந்துபோவதில்லை என்று கிருஷ்ண ஐயர் நிலைநாட்டினார். விசாரணைக் கைதிகளுக்கு வழக்கமாகவே கைவிலங்கிடுதல் ஆகாது என்றும் 1980ஆம் ஆண்டிலே தீர்ப்பளித்தார்.

பிணை பற்றிய தீர்ப்பொன்று ஏழைகளின் நிலையை நன்கு காட்டும். கொத்துவேலை செய்யும் ஏழைத் தொழிலாளி ஒருவருக்குப் பிணை வழங்க உச்ச நீதிமன்றம் உத்தரவிட்டிருந்தது. கீழ்நீதிமன்ற நீதவானோ 10,000 ரூபா ஆள்பிணை கேட்டார். தொழிலாளியின் சகோதரர் பிணை நிற்க முன்வந்தபோது, அவருடைய சொத்து வேறு மாவட்டத்தில் இருக்கிறது என்று மறுத்தார். 1978ஆம் ஆண்டிலே இவ்விடயம் மீண்டும் உச்ச நீதிமன்றத்துக்கு வந்தது. கிருஷ்ண ஐயர் அந்நிபந்தனைகளை நீக்கி, 1,000 ரூபாவுக்குச் சொந்தப் பிணைமுறி பெற்று அவரை விடுவிக்கும்படி பணித்தார். ஏழைக்கு எட்டாத தொகையிற் பிணை வழங்குதல், வழங்காமைக்கு ஒப்பாகும் அன்றோ? தலைச்சேரி நீதிமன்ற வாயிலிலே குத்தகை விவசாயிகள் நின்றதைக் கண்ட கண்களுக்கு இது விளக்க வேண்டாத உண்மை.

அவர் குறையற்றவரல்லர். அவருடைய ஆங்கில நடை அருஞ்சொற்கள் செறிந்தது. கற்றோரும் அகராதியைத் தேட நேர்ந்தது என்று குறைகூறப்பட்டது. மரண தண்டனையை மிகக் குறுகிய எல்லைக்குள் அடக்க முயன்று 1979ஆம் ஆண்டிலே அவர் எழுதிய தீர்ப்பின் கருத்தை, அடுத்த ஆண்டே ஐவர் அடங்கிய மன்றம் ஏற்க மறுத்தது. நீதிபதியின் உள்ளத்திலே ஆழ்ந்த கொள்கை இருந்தால், அது சட்டத்தை எல்லை கடந்து இழுக்கலாம் என்ற அச்சம் நியாயமானதே. அவ்வச்சத்துக்கு மருந்தும் நீதிமன்ற அமைப்பிலேயே உண்டு. ஒருவரின் கருத்தைப் பலர் அடங்கிய மன்றம் திருத்தலாம். இங்கே திருத்தியும் காட்டியது.

அரசியலிலிருந்து வந்தோர் அனைவரும் ஒரே தன்மையினர் என்றும் கொள்ளலாகாது. கே. எஸ். ஹெக்டே என்பவர் 1952 முதல் 1957 வரை காங்கிரஸ் கட்சியின் இராச்சிய சபை உறுப்பினர்; 1957ஆம் ஆண்டிலே மைசூர் உயர் நீதிமன்ற நீதிபதியானார். உச்ச நீதிமன்றத்திலிருந்து, அதே காங்கிரஸ் அரசாங்கத்தின் அதிகாரத்துக்கு எல்லை வகுத்த கேசவானந்த பாரதி தீர்ப்பிலே பெரும்பான்மையோரோடு நின்றார். 1973ஆம் ஆண்டிலே தாண்டப்பட்டுப் பதவி துறந்த மூவருள் அவரும் ஒருவர். பகருல் இஸ்லாம் என்பவரும் காங்கிரஸ் கட்சியின் இராச்சிய சபை உறுப்பினராக இருந்து, 1972ஆம் ஆண்டிலே கௌஹாத்தி உயர் நீதிமன்ற நீதிபதியானவரே. 1980ஆம் ஆண்டிலே உச்ச நீதிமன்றத்துக்குச் சென்றார். 1982 டிசம்பரிலே, பீகாரின் காங்கிரஸ் முதலமைச்சர் ஜகந்நாத் மிஸ்ரா மீதான வழக்கைக் கைவிட அனுமதித்த பெரும்பான்மைத் தீர்ப்பில் அவர் இருந்தார். அடுத்த மாதமே பதவி துறந்து, காங்கிரஸ் வேட்பாளராக அறிவிக்கப்பட்டு, அதே ஆண்டிலே மீண்டும் இராச்சிய சபைக்குச் சென்றார். அத்தீர்ப்பு சட்டப்படி சரியானதாகவே இருந்திருக்கலாம். ஆயினும், அதனைப் படிக்கும் குடிமகன் மனத்தில் ஐயம் எழுவதை எவராலும் தடுக்க இயலாது. நீதி வழங்கப்படுதல் மட்டும் போதாது. வழங்கப்பட்டது என்று மக்கள் நம்புதலும் வேண்டும்.

ஒப்புநோக்கினால், குடிமகன் அஞ்ச வேண்டியது நீதிபதியின் சென்றகால அரசியலினும், அவர் எதிர்பார்த்திருக்கும் வருங்கால அரசியலையே என்பது புலனாகும். வந்த வாயிலை அடைத்துவிட்டு அமர்ந்தவர் நீதிபதியாகலாம். திரும்பிச் செல்லும் நாளை எண்ணி வாயிலைத் திறந்துவைத்திருப்பவர், எவ்வளவு சட்டங் கற்றவராயினும், துலாக்கோலை நேராகப் பிடித்தல் அரிது.

கிருஷ்ண ஐயர் 1980 நவம்பரிலே ஓய்வு பெற்றார். 1987ஆம் ஆண்டிலே எதிர்க்கட்சிகளின் ஆதரவுடன் குடியரசுத் தலைவர் பதவிக்குப் போட்டியிட்டு, ஆர். வெங்கட்ராமனிடம் தோல்வியுற்றார். ஓய்வு பெற்று ஏறக்குறைய ஏழு ஆண்டுகள் கழிந்த பின்னர், தோல்வி உறுதி என்று அறிந்தே நின்ற அப்போட்டியை நீதியாசனத்துக்குக் கிடைத்த கைம்மாறு என்று எவருங் கூறவியலாது. பெண் கைதிகளின் நிலையை ஆராய்ந்த தேசியக் குழுவுக்கும் அக்காலத்தில் அவரே தலைமை தாங்கினார். எர்ணாகுளத்திலிருந்த அவருடைய இல்லத்துக்கு ஏழைகளும் கைதிகளின் உறவினரும் இறுதிக்காலம் வரை முறையீடுகளோடு வந்த வண்ணமிருந்தனர். 2014 டிசம்பர் 4ஆந் திகதி அவர் காலமானார். 1948ஆம் ஆண்டிலே பூட்டப்பட்ட சிறைக் கதவை உள்ளிருந்து கண்டவர், அக்கதவுக்குப் பின்னால் இருப்போரையும் மனிதராக மதிக்க வேண்டும் என்று அந்நாட்டின் சட்டத்திலே எழுதிவிட்டுச் சென்றார்.